தேனியின் பதிவேட்டில் ஒரு ஸ்காட்லாந்துப் பெயர்

தேனி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் அதன் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்கும் ஒரு திறந்த மடல்



சென்ற மாதம் ஓர் இ-சேவை மையத்தில் என் பெரியம்மா மகனோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அண்ணனுக்குக் கூடலூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர் இருபோக வயல். அவருடைய மகனுக்கு 24 வயது, ஏசி மெக்கானிக். ஷார்ஜாவில் வேலை தகைந்திருக்கிறது, பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். மஞ்சள் பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தார் அண்ணன். பிறப்புச் சான்றிதழில் ‘பென்னிகுக்’. பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘பென்னிகுயிக்’. ஆதார் அட்டையில் ‘பென்னி குவிக்’, நடுவில் இடைவெளியோடு. ஆங்கிலத்திலும் மூன்றும் மூன்று விதம். ஒன்றில் கடைசி எழுத்தான கே விட்டுப்போயிருந்தது. இன்னொன்றில் ஒய் வர வேண்டிய இடத்தில் ஐ.

கணினி முன் இருந்த பெண் பொறுமைசாலி. “இதுல எந்தப் பேருண்ணே சரி? நான் எதப் போட?” என்று கேட்டாள்.

“எல்லாம் ஒரே பேருதாம்மா. தண்ணி கொண்டாந்த மனுசன் பேரு. எங்கய்யா ஆசப்பட்டு வச்சது” என்றார் அண்ணன்.

“நமக்கு ஒரே பேருண்ணே. சிஸ்டத்துக்கு மூணு ஆளு.”

அந்தப் பெண் சொன்னதுதான் இந்த மடலை எழுத வைத்தது. பெரியாற்று அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக்கிடமிருந்து எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு நன்றிக்கடனாக எடுத்துக்கொண்ட ஒரு பெயர், எங்கள் மாவட்டப் பதிவேடுகளிலேயே சிதறிக் கிடக்கிறது. அதை ஓரிடத்தில் சேர்த்து எண்ணித் தாருங்கள். இதுவே எங்கள் கோரிக்கை. இதற்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம், அதனால் பெயரின் கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குத் தெற்கே பத்து மைல் தூரத்தில், வடக்கு எஸ்க் ஆற்றங்கரையில் பெனிகுக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. வெல்ஷ் மொழிக்கு உறவான பழைய பிரித்தானிய மொழி ஒன்றில் ‘பென்’ என்றால் தலை, குன்றின் முகடு. பின்பாதி குயிலைக் குறிக்கும் சொல். குயில்குன்று என்று நாம் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். ஸ்காட்லாந்தில் நிலம் வைத்திருந்த குடும்பங்கள் தாங்கள் வாழ்ந்த இடத்தின் பெயரையே குடிப்பெயராகச் சூடிக்கொள்வது பழைய வழக்கம். அப்படி அந்த ஊர்ப் பெயரும் ஒரு குடும்பப் பெயர் ஆனது. 17ஆம் நூற்றாண்டில் பெனிகுக் நிலம் கிளார்க் என்ற குடும்பத்தின் கைக்குப் போனது. மின்காந்தவியலுக்குச் சமன்பாடுகள் தந்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் அந்தக் கிளார்க் வழியில் வந்தவர். பழைய குடும்பத்துக்கு நிலம் போயிற்று, பெயர் மட்டும் மனிதர்களோடு ஊர் ஊராக நடந்தது.

எழுத்துக் குழப்பமும் தேனியில் தொடங்கியது அல்ல. ஊர்ப் பெயரில் என் ஒன்றுதான். கர்னலின் பெயரில் இரண்டு என், ஒரு ஒய், கடைசியில் சி, கே. 1652இல் பிறந்த அலெக்சாண்டர் என்ற மருத்துவர், கவிஞரும்கூட, இதே பெயரை வேறு எழுத்துகளில் எழுதியவர். இன்னொரு கிளை எளிதாக ‘பென்னிகுக்’ என்று சமையல்காரரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளிலேயே முடித்துக்கொண்டது. அதுதான் இன்று பரவலாகக் காணும் வடிவம். நம் கர்னலின் எழுத்துக்கோவை அங்கேயே அரிது. ஆகவே இ-சேவை மையத்து மேசையில் கிடந்த மூன்று தாள்களும் முந்நூறு ஆண்டுக் குழப்பத்தின் தொடர்ச்சிதான். அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் கொஞ்சம் ஆறுதல் தெரிந்தது.

ஜான் பென்னிகுவிக் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். தந்தை பெயரும் ஜான்தான், ராணுவத்தில் பிரிகேடியர். 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபின் சில்லியன்வாலா போரில் தந்தையும் அவருடைய இன்னொரு மகன் அலெக்சாண்டரும் ஒரே நாளில் மாண்டார்கள். நம் ஜானுக்கு எட்டு வயது நிறைய இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் ஊர்களில் அவர் படத்துக்கு மாலை போடும்போது எனக்கு இந்த இரண்டு நாள் கணக்கு நினைவுக்கு வரும். பின்னாளில் அவருக்கு ஐந்து மகள்கள், ஒரு மகன். 1899இல் பிறந்த அந்த மகனும் ஜான்தான், இங்கிலாந்தில் உயர்நீதிமன்ற நீதிபதி ஆனவர். ஆங்கிலேய வழக்கப்படி மகள்கள் மணமானதும் கணவன் குடும்பப் பெயருக்குப் போய்விடுவார்கள். அந்த வீட்டில் பெயரைச் சுமக்க மிஞ்சியது ஒரே ஒரு ஆண்பிள்ளை.

அங்கே அப்படி மெலிந்த பெயர் இங்கே பெருகியதற்குக் காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகவே சொல்கிறேன். தாது வருடப் பஞ்சம் மதுரைச் சீமையை வாட்டியது. மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கு அதன் பிறகுதான் உயிர் வந்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை. 1887இல் வேலை தொடக்கம். சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த காரைக்கட்டு அணை, மலையைக் குடைந்து ஒரு மைலைத் தாண்டிய சுரங்கம். 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். லோயர் கேம்பில் இறங்கும் தண்ணீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று வயல்களை நனைத்துக்கொண்டு வைகைக்குப் போகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தின் வாழ்வு அந்தத் தண்ணீரில் இருக்கிறது.

எல்லா ஊரிலும் அணை கட்டிய பொறியாளர்கள் உண்டு. அவர்களில் எத்தனை பேருடைய பெயரைப் பெற்ற பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள்? ராயலசீமையில் ஆட்சியராக இருந்த தாமஸ் மன்றோ மீது கொண்ட அன்பால் ‘மன்றோலப்பா’ என்று வைத்தார்கள் என்பார்கள். அப்படி விரல் விட்டு எண்ணத்தக்கவர்கள்தான். தூத்துக்குடிக் கடற்கரையில் பர்னாந்து, ரோச், மோத்தா, கொரேரா என்று போர்த்துகீசியக் குடும்பப் பெயர்கள் இன்றும் வாழ்கின்றன. 16ஆம் நூற்றாண்டில் ஞானஸ்நானத்தோடு வந்த பெயர்கள் அவை. மதம் மாறினால் பெயரும் மாறும் என்ற ஏற்பாட்டில் வந்தவை. எங்கள் பெயர் அப்படி வந்ததல்ல. யாரும் யாரையும் கேட்கவில்லை. அதிகாரத்தில் இருந்த துரை அணையைக் கட்டிமுடித்துக் கப்பலேறிப் போய், 1911 மார்ச் 9 அன்று இங்கிலாந்தின் கேம்பர்லியில் இறந்தும் போனார். பெயரை வைத்தவர்கள் நாற்றங்காலில் நின்றவர்கள்.

எங்கள் பக்கத்துப் பெயர் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயர், அடுத்தது குலதெய்வத்தின் பெயர். அதோடு தண்ணீரின் பெயரும் வைப்போம். சுருளி, சுருளிராஜ், சுருளிவேல், சுருளியம்மாள் என்று தெருவுக்கு நாலு பேர் உண்டு. சுருளி அருவி வெறும் அருவி அல்ல, எங்களுக்கு அது தெய்வம். ‘ஏ சுருளி’ என்று கூப்பிட்டால் மூன்று வீட்டு வாசலில் தலை எட்டிப் பார்க்கும். தண்ணீரின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் ஊர், தண்ணீரைக் கொண்டுவந்தவன் பெயரையும் அதே வரிசையில் வைத்தது. குலதெய்வப் பெயர்களுக்கு நடுவே பென்னிகுவிக் நின்றது அப்படித்தான். நாக்குக்குப் பழகாத பெயர்தான், ஆனாலும் கிழவிகள் ‘பென்னி’ என்று அழைத்தே வளர்த்தார்கள்.

கதைகளும் கூடவே வளர்ந்தன. பெண்டாட்டி நகையையும் சீமைச் சொத்தையும் விற்று அணை கட்டினார் என்று நானும் சிறுவயதில் கேட்டவன்தான். திட்டத்தில் பொறியாளராக இருந்த மெக்கன்சி 1899இல் அதன் வரலாற்றை ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். அதன்படி மதராஸ் அரசாங்கம் தன் பணத்தில் நடத்திய வேலை அது. கதையைச் சொன்னவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. எங்களுக்காக ஒருவன் தன்னதை இழந்தான் என்று நம்ப விரும்பினார்கள், அவ்வளவு பெரிய நன்றி அது. ஆனால் ஆவணம் இல்லாத அன்பு எளிதில் வழக்காகிவிடும். 2021இல் மதுரையில் நூலகம் கட்டத் தேர்ந்த இடத்தில் இருந்த கட்டடம் அவர் வாழ்ந்த வீடு என்று பெரிய சர்ச்சை எழுந்தது. அவர் இறந்தது 1911இல், கட்டடம் எழுந்தது அதற்குப் பிறகு என்று தேதிகளைக் காட்டி அரசு பதில் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் அன்புக்கும் தேதியோடு ஒரு சான்று இருக்கட்டும் என்கிறோம். அது உங்கள் பதிவேட்டில்தான் இருக்கிறது.

குடும்பப் பெயர்களை எண்ணுவது உலகில் புதிய வேலை அல்ல. ஒரே ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு அதன் வேரையும் பரவலையும் தேடுவோருக்கென்றே இங்கிலாந்தில் 1979 முதல் ஒரு சங்கம் இயங்குகிறது. பிரிட்டனின் 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து, எந்தப் பெயர் எந்த மாவட்டத்தில் எவ்வளவு என்று வரைபடமே போட்டிருக்கிறார்கள். பென்னிகுவிக் என்ற பெயரின் முழு வரைபடத்தை இன்று யாராவது வரைந்தால், எடின்பரோவுக்குத் தெற்கே ஒரு புள்ளி வைத்துவிட்டு, அடுத்த புள்ளியைக் குமுளி மலையடிவாரத்தில் வைக்க வேண்டும். கூடலூரில் எத்தனை, பாலார்பட்டியில் எத்தனை, கால்வாய்த் தண்ணீர் போய்ச் சேரும் மேலூர், திருமங்கலம் பக்கம் எத்தனை? தண்ணீர் போன வழியில்தான் பெயரும் போயிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தேடும்போது ஒரு பத்தியில் மட்டும் தேடக் கூடாது, ஆட்சியர் அவர்களே. குழந்தையின் பெயர்ப் பத்தியில் முதலில் தேட வேண்டும். தந்தை பெயர்ப் பத்தியிலும் தேட வேண்டும், ஏனென்றால் பெண்பிள்ளைகளிடம் இந்தப் பெயர் அப்படித்தான் இருக்கிறது. ‘பெ.’ என்ற ஒற்றை எழுத்துக்குள் அது ஒளிந்திருக்கும். இறப்புப் பதிவேட்டிலும் தேட வேண்டும். இந்தப் பெயரோடு இறந்தவர்களின் வயதைக் கழித்துப் பார்த்தால்தான், முதல் பென்னிகுவிக் எந்தக் காலத்தில் எந்த ஊரில் தொட்டிலில் கிடந்தான் என்பது புலப்படும். கணினியில் ஏறிய பதிவுகளில் இது சில நாள் வேலை. பழைய கிராமப் பதிவேடுகளைப் புரட்டக் கல்லூரி மாணவர்களை அமர்த்தலாம். தனி ஆள் யாருடைய பெயரோ முகவரியோ வெளியே வர வேண்டாம். ஊர், ஆண்டு, எண்ணிக்கை என்று மூன்று விவரம் போதும். அந்தப் பட்டியல் லோயர் கேம்ப் மணிமண்டபத்தில், 2013 ஜனவரி 15 அன்று திறந்துவைக்கப்பட்ட அதே மண்டபத்தில், சிலைக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கட்டும். 2022இல் தமிழ்நாடு அரசு கேம்பர்லி வரை போய்ச் சிலை வைத்தது. பட்டியலின் ஒரு நகல் அந்த ஊருக்கும் போகட்டும்.

அடுத்தது அண்ணன் மகனின் சிக்கல். எங்களில் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. ‘நீங்க எந்த வகையறா?’ என்று கல்யாண வீட்டில் கேட்பார்கள், தெலுங்கு பேசும் வீடுகளில் வீட்டுப்பேர் உண்டு, ஆனால் எதுவும் சான்றிதழில் ஏறுவதில்லை. தலைப்பெழுத்தும் பெயரும்தான். பாஸ்போர்ட் மனுவிலோ குடும்பப் பெயருக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் வருகை விசாவில் உள்ளே விட மாட்டோம் என்று சொன்னதிலிருந்து, அந்தக் கட்டத்தைக் காலியாக விட யாருக்கும் துணிவில்லை. அப்பா பெயரை அங்கே எழுதிவிடுகிறார்கள். அண்ணன் மகனும் அப்படித்தான் எழுதினான்.

அவனுக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளை பிறக்கும். அந்தப் பிள்ளையின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் என்ன இருக்கும் என்று அந்த மையத்தில் உட்கார்ந்தே யோசித்தேன். பென்னிகுவிக். ஸ்காட்லாந்தில் குடும்பப் பெயராகப் பிறந்து, கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவனுடைய சொந்தப் பெயராகி, ஒரு தலைமுறைக்குத் தலைப்பெழுத்தாகச் சுருங்கி, வளைகுடா விமானத்தில் ஏறும்போது மறுபடி குடும்பப் பெயர் ஆகிவிடுகிறது. குயில் தன் முட்டையை வேறு பறவையின் கூட்டில் இட்டுவிட்டுப் போகும், பொரித்து இரை ஊட்டி வளர்ப்பது அந்தக் கூட்டின் தாய். குயில்குன்றின் பெயரும் எங்கள் கூட்டில்தான் வளர்கிறது. எங்கள் பேரப்பிள்ளைகளில் சிலர் அதைக் குடும்பப் பெயராகவே எழுதப்போகிறார்கள். அதற்கு முன்னால் அவர்கள் தகப்பன்மார் சான்றிதழில் எழுத்துகள் ஒழுங்காக வேண்டும்.

1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு பதிவில் உள்ள பிழையைத் திருத்தப் பதிவாளருக்கு அதிகாரம் தருகிறது. வழி இருக்கிறது, ஆனால் ஒரு நாள் கூலியை விட்டு அலுவலகம் ஏறி இறங்கினால் ‘போன வாரம் வந்திருக்கக் கூடாதா’ என்ற பதில்தான் பலருக்குக் கிடைக்கிறது. அண்ணனை ஓர் அலுவலகத்தில் மூன்று முறை அலையவிட்டார்கள். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை, யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எங்கள் நோக்கமல்ல. தை மாதம் வருவதற்கு முன்னால் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூரில் ஊருக்கொரு நாள் முகாம் நடத்துங்கள். பதிவுப் பிரிவு, பள்ளிக்கல்வி, ஆதார் மூன்றும் ஒரே பந்தலில் இருந்தால் அரைமணி வேலை.

அந்த முகாமுக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. எது ‘சரியான’ வடிவம் என்று மேலிருந்து உத்தரவு போட்டுவிடாதீர்கள். ஸ்காட்லாந்து உச்சரிப்பில் அது பெனிகுக் என்பது உண்மைதான். அதற்காக நாற்பது ஆண்டு பென்னிகுயிக்காக வாழ்ந்த மனிதரிடம் உங்கள் பெயர் தப்பு என்று சொல்லக் கூடாது. அந்த வடிவத்துக்குள் எப்படியோ ஒரு குயிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. எந்த எழுத்து வேண்டும் என்று பெயருக்கு உரியவரே சொல்லட்டும். அவர் சொன்னது மூன்று தாளிலும் ஒரே மாதிரி ஏறட்டும், அது போதும்.

இன்னொன்றும் எழுதாமல் இந்த மடலை மூட மனம் வரவில்லை. அணை வேலையின்போது நோயில் மட்டும் 483 பேர் இறந்தார்கள் என்று கணக்கு உண்டு. காலராவும் மலேரியாவும் அந்தக் காட்டில் கொண்டுபோனவர்கள். அணைக்குச் சற்று வடக்கே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சுண்ணாம்பு சுமந்து, வெள்ளத்தில் நின்று, மலை குடைந்த கூலியாட்களின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தவர்கள் யார்? அவர்கள் பெயர்கள் ஏற்கெனவே நம்முடையவை, கருப்பன், மாயன், பேச்சி, சுருளி. கூப்பிடும்போது யார் நினைவாகக் கூப்பிடுகிறோம் என்பது தெரியாமல் போய்விட்டது. பென்னிகுவிக்கின் பெயரைத் தேடி எண்ணும்போது, அணை வேலைக்குப் போய்த் திரும்பாத பாட்டன், பூட்டன் பற்றி எந்த வீட்டிலாவது நினைவு இருந்தால் அதையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மணிமண்டபச் சுவரில் அதற்கும் இடம் இருக்கிறது.

அண்ணன் மகனின் பிழைதிருத்த மனுவை இந்த மடலோடு நேரிலும் கொடுத்திருக்கிறோம். அதில் ‘பென்னிகுவிக்’ என்று கேட்டிருக்கிறான், வீட்டில் தாத்தா எழுதி வைத்திருந்த பழைய நோட்டில் அப்படித்தான் இருக்கிறதாம். ஷார்ஜாவுக்குப் போக அவனுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

மரியாதையுடன்,
ஆசிரியர்